டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சையும் புராஸ்டேட் புற்றுநோயும்: டர்பனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். ஐம்பதைத் தாண்டிய ஆண்கள், கவுண்டரில் மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்விகளில் பல இந்த விஷயத்தைச் சுற்றித்தான். சில கேள்விகள் மனைவிமாரிடமிருந்து வருகின்றன. அவர்கள் குரலைத் தாழ்த்துவதில்லை. தமிழில் படிக்கப் பழகிய பெரியவர்களுக்காகவும், அவர்களுக்குப் படித்துக் காட்டும் பிள்ளைகளுக்காகவும் பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். மருந்து எழுதுவதும் நிறுத்துவதும் டாக்டர் வேலை. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

நேரடியாகச் சொல்லுங்கள்: டெஸ்டோஸ்டிரோன் எடுத்தால் புராஸ்டேட் புற்றுநோய் வருமா?

டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் உண்மையிலேயே குறைந்து போன ஆணுக்கு, சிறுநீர்ப்பையின் அடியில் இருக்கும் சுரப்பியான புராஸ்டேட்டை முன்கூட்டியே சோதித்துவிட்டு, சரியான அளவில் கொடுத்தால், அதனால் புதிதாகப் புற்றுநோய் உண்டாகிறது என்பதற்கு இதுவரை நடந்த நல்ல ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. ஆனால் அந்த வாக்கியத்தில் இருக்கும் மூன்று நிபந்தனைகளையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பலர் முதல் பாதியை விட்டுவிட்டு ‘புற்றுநோய் வராதாம்’ என்பதை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள்.

ஏற்கெனவே உள்ளே புற்று இருந்தால் கதை வேறு. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

அப்படியானால் இத்தனை வருடமாக டாக்டர்கள் பயமுறுத்தியது ஏன்?

காரணம் இல்லாமல் பயமுறுத்தவில்லை. 1941-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் ஹக்கின்ஸ் என்பவரும் அவருடைய சக ஆய்வாளர் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும் ஒரு பெரிய விஷயத்தைக் காட்டினார்கள். புராஸ்டேட் புற்று உடம்பில் பரவிய ஆண்களுக்கு விதைகளை அகற்றினால், அதாவது டெஸ்டோஸ்டிரோன் வரும் வழியை அடைத்தால், நோய் பின்வாங்கியது. அதுவரை அந்த நோயாளிகளுக்கு வலியைத் தணிப்பதைத் தவிரச் செய்ய அதிகம் இருக்கவில்லை. ஹக்கின்ஸுக்கு 1966-இல் நோபல் பரிசு கிடைத்தது, தகுதியான பரிசுதான். இன்றைக்கும் பரவிய புராஸ்டேட் புற்றுக்கு முதல் சிகிச்சை அந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கிறது.

அதே கட்டுரையில் இன்னொரு வரியும் இருந்தது: டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் புற்று தூண்டப்படுகிறது என்று. அறுபது ஆண்டுகளுக்கு மேல் இந்த வரியை யாரும் பெரிதாகத் திருப்பிப் பார்க்கவில்லை. பாஸ்டனைச் சேர்ந்த சிறுநீரியல் மருத்துவர் (யூராலஜிஸ்ட்) ஆபிரஹாம் மார்கன்டேலர் பழைய கட்டுரையைத் தேடியெடுத்துப் படித்தபோது, ஊசி போடப்பட்டவர்கள் மூன்றே பேர் என்பதையும், முடிவு சொல்லப்பட்டது இருவருக்குத்தான் என்பதையும், அந்த இருவரில் ஒருவருக்கு ஏற்கெனவே விதை அகற்றப்பட்டிருந்தது என்பதையும் கண்டார். மிச்சம் ஒரே ஒரு மனிதர். அவருடைய ரத்தப் பரிசோதனையை வைத்துத்தான் மருத்துவக் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாக அந்தப் பாடம் நடந்திருக்கிறது.

எனக்கு இதில் யார்மேலும் கோபம் இல்லை. நிறுத்தினால் சுருங்குகிறது என்றால் கொடுத்தால் வளரும் என்று நினைப்பது இயல்புதானே.

அதுதான் என் கேள்வியும். நிறுத்தினால் சுருங்குவது, கொடுத்தால் மட்டும் எப்படி வளராமல் இருக்கும்?

நம் ஊர் மினிபஸ் டாக்ஸியை நினைத்துக்கொள்ளுங்கள். இருக்கைகள் காலியாக இருக்கும்போது ஏறுகிற ஒவ்வொரு ஆளும் கணக்கு. நிரம்பிய பிறகு டாக்ஸி ரேங்கில் இன்னும் ஐம்பது பேர் நின்றாலும் அந்த வண்டிக்கு ஒன்றும் இல்லை. புராஸ்டேட் செல்லுக்குள் டெஸ்டோஸ்டிரோன் உட்காரும் ஏற்பிகளும் அப்படி ஓர் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. ரத்தத்தில் அளவு மிகக் குறைவாக இருக்கும்போதே அவை கிட்டத்தட்ட நிரம்பிவிடுகின்றன. அதற்கு மேல் ஏறும் டெஸ்டோஸ்டிரோனால் புராஸ்டேட்டுக்குப் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. நிரம்பும் அந்த இடம் லிட்டருக்கு 8 முதல் 9 நானோமோல் வாக்கில் இருக்கும் என்று மார்கன்டேலரும் அவருடன் எழுதியவர்களும் சொல்கிறார்கள்.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும். விதை அகற்றியவருக்கோ ஹார்மோன் தடுப்பு ஊசி போடுபவருக்கோ அளவு 1.7-க்கும் கீழே போய்விடுகிறது, வண்டி காலி. அந்த நிலையில் கொடுத்தால் புற்று உடனே பதில் சொல்லும். 10-இலிருந்து 18-க்கு ஏற்றினால் அப்படி நடப்பதில்லை. அளவு மிகவும் தாழ்ந்திருப்பவருக்குச் சிகிச்சை தொடங்கிய முதல் மாதங்களில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் ரத்த அளவு) கொஞ்சம் ஏறி அப்புறம் நின்றுவிடுவதும் இதனால்தான்.

இது ஒரு விளக்கம், நல்ல விளக்கம். ஆனால் விளக்கத்தை நம்பி மருந்து கொடுக்க முடியாது. ஆட்களைப் பின்தொடர்ந்து பார்த்திருக்க வேண்டும்.

பார்த்திருக்கிறார்களா?

முதலில், இயற்கையாகவே டெஸ்டோஸ்டிரோன் அதிகமாக இருக்கும் ஆண்களுக்குப் புற்று அதிகம் வருகிறதா என்று பார்த்தார்கள். உலகின் பல இடங்களில் நடந்த 18 ஆய்வுகளின் விவரங்களைச் சேர்த்து 2008-இல் ஒரு கணக்கு வந்தது. புற்று வந்தவர்கள் 3,886 பேர், வராதவர்கள் 6,438 பேர். ரத்தத்தில் இருந்த டெஸ்டோஸ்டிரோனுக்கும் புற்று வருவதற்கும் தொடர்பு தெரியவில்லை.

அடுத்தது, மருந்தாகக் கொடுத்துப் பார்த்தது. ‘ட்ராவர்ஸ்’ என்ற அமெரிக்க ஆய்வு 2023-இல் வெளியானது. 45 முதல் 80 வயது வரை, டெஸ்டோஸ்டிரோன் குறைவும் அதற்கான அறிகுறிகளும் இருந்த, இதயநோய் உள்ள அல்லது வரும் ஆபத்து அதிகமுள்ள சுமார் 5,200 ஆண்கள். பாதிப் பேருக்கு டெஸ்டோஸ்டிரோன் ஜெல், பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் ஜெல். யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. சராசரியாக 33 மாதம் பின்தொடர்ந்ததில், மருந்து பெற்றவர்களில் 12 பேருக்கும் வெறும் ஜெல் பெற்றவர்களில் 11 பேருக்கும் புராஸ்டேட் புற்று கண்டுபிடிக்கப்பட்டது. தீவிர வகை என்று மட்டும் எடுத்தால் மருந்து பெற்றவர்களில் 5 பேர், வெறும் ஜெல் பெற்றவர்களில் 3 பேர். சிறிய எண்கள், அந்த இடைவெளி தற்செயலாகவும் வரக்கூடியது.

இந்த ஆய்வை ‘எல்லோருக்கும் பாதுகாப்பு’ என்று படிக்கக் கூடாது. பி.எஸ்.ஏ. 3-க்கு மேல் இருந்தவர்களை முதலிலேயே வெளியே நிறுத்திவிட்டார்கள். சிறுநீர்த் தொந்தரவு கடுமையாக இருந்தவர்களும் சேர்க்கப்படவில்லை. பலர் பாதியில் மருந்தை நிறுத்திவிட்டார்கள். அப்புறம், புராஸ்டேட் புற்று மெதுவாக வளர்வது. மூன்று வருடம் அதற்கு நீண்ட காலமில்லை. பத்து வருடம், பதினைந்து வருடம் ஊசி போட்டவர்களுக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு இந்த ஆய்வு பதில் சொல்லாது.

எனக்குச் சோர்வு, ஆசை குறைவு, தொப்பை. டெஸ்டோஸ்டிரோன் குறைவுதானே?

இருக்கலாம். சர்க்கரையாகவும் இருக்கலாம், தூக்கமில்லாமையாகவும் இருக்கலாம், மனச்சோர்வாகவும் இருக்கலாம், ரத்த அழுத்த மாத்திரையாகவும் இருக்கலாம். நம் சமூகத்தில் நீரிழிவு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். எந்த வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாலும் இன்சுலின் இருக்கிறது. எடை கூடி, சர்க்கரையும் சேர்ந்தால், டெஸ்டோஸ்டிரோனை ரத்தத்தில் சுமந்து செல்லும் புரதம் குறைகிறது. அதனால் லேப் ரிப்போர்ட்டில் மொத்த அளவு தாழ்வாகத் தெரியும். உடம்புக்கு வேலை செய்யக் கிடைக்கும் பங்கு சரியாகவே இருக்கலாம். இந்த மாதிரி ஆளுக்கு மொத்த அளவை மட்டும் பார்த்து ஊசி எழுதுவது அவசரம். அந்தப் பங்கைக் காட்டும் கட்டற்ற டெஸ்டோஸ்டிரோனையும் கணக்கிடச் சொல்லுங்கள்.

ரத்தம் எடுக்கும் நேரமும் முக்கியம். காலையில், பத்து மணிக்குள், வெறும் வயிற்றில். சாப்பிட்டதும் அளவு இறங்கும். மாலையில் இன்னும் இறங்கும். வேலை முடிந்து நாலு மணிக்கு லேபுக்குப் போய்க் கொடுத்த ரத்தத்தை வைத்து ‘குறைவு’ என்று முடிவு செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு முறை குறைவாக வந்தால் வேறொரு நாள் காலையில் மறுபடியும் எடுக்க வேண்டும். காய்ச்சல், ஆஸ்பத்திரியில் படுக்கை, பெரிய நோய் இருக்கும் காலத்தில் எடுக்கவே வேண்டாம்.

இரண்டு முறையும் குறைவு, அறிகுறியும் இருக்கிறது என்றால் அடுத்த கேள்வி: ஏன் குறைவு? விதையில் கோளாறா, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரியிலா? எல்.எச்., புரோலாக்டின் போன்ற பிட்யூட்டரி ஹார்மோன் பரிசோதனைகள் இதற்குத்தான். நீண்ட நாள் ட்ரமடால், கோடீன் மாதிரி வலிமாத்திரை எடுப்பவர்களுக்கும் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் அளவு குறையும். முதுகுவலிக்கு எடுக்கும் மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் சொல்லாமலே டெஸ்டோஸ்டிரோன் கேட்பவர்கள் உண்டு. குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

எடை குறைந்தால் பலருக்கு அளவு தானாகவே ஏறுகிறது. இதைச் சொன்னால் முகம் சுருங்குகிறது. ஊசிதான் சுலபம், தெரியும்.

சென்னையில் என் மைத்துனருக்கு 320 என்று வந்திருக்கிறது. எனக்கு 11. நான் செத்துவிட்டேனா?

இல்லை, இரண்டு பேருக்கும் ஒரே அளவுதான். அங்கே டெசிலிட்டருக்கு நானோகிராம், இங்கே லிட்டருக்கு நானோமோல். நம் எண்ணை 28.8-ஆல் பெருக்கினால் அவர்களுடைய எண் வரும். பி.எஸ்.ஏ.-வுக்கு இந்தத் தொல்லை இல்லை. அலகு வேறு மாதிரி எழுதியிருந்தாலும் 4 என்றால் இரண்டு ஊரிலும் 4-தான்.

எத்தனைக்குக் கீழே போனால் குறைவு என்பதில் மருத்துவச் சங்கங்களுக்கே ஒத்த கருத்து இல்லை. ஹார்மோன் மருத்துவர்களின் அமெரிக்க எண்டோகிரைன் சங்கம் 9.2 வாக்கில் கோடு போடுகிறது. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 10.4 வாக்கில், ஐரோப்பியர்கள் 12 வரை போகிறார்கள். 8-க்குக் கீழே என்றால் எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். உங்கள் 11-க்கு அறிகுறிதான் முடிவு சொல்லும்.

தொடங்கும் முன் புராஸ்டேட்டுக்கு என்ன பரிசோதனை?

பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை ஒன்று, டாக்டர் மலக்குடல் வழியாக விரலால் தொட்டுப் பார்ப்பது இன்னொன்று. பி.எஸ்.ஏ. 4-க்கு மேல் இருந்தால், அல்லது ஆபத்து அதிகமுள்ளவருக்கு 3-க்கு மேல் இருந்தால், முதலில் சிறுநீரியல் மருத்துவர் பார்க்க வேண்டும். அதற்கு முன் டெஸ்டோஸ்டிரோன் கிடையாது. விரலில் கட்டி தட்டுப்பட்டாலும் அப்படித்தான், பி.எஸ்.ஏ. என்னவாக இருந்தாலும்.

தென்னாப்பிரிக்காவில் டெஸ்டோஸ்டிரோன் பேச்சே இல்லாவிட்டாலும், 45 வயதிலிருந்து ஆண்கள் பி.எஸ்.ஏ. பற்றி டாக்டரோடு பேச வேண்டும் என்பது இங்குள்ள வழிகாட்டுதல். கறுப்பின ஆண்களுக்கும், குடும்பத்தில் புராஸ்டேட் அல்லது மார்பகப் புற்று இருந்தவர்களுக்கும் 40-லிருந்து. கறுப்பின ஆண்களிடம் இந்த நோய் அதிகமாகவும் தீவிரமாகவும் வருகிறது. இந்திய வம்சாவளியினரிடம் விகிதம் அதைவிடக் குறைவு. அந்தக் குறைவை நம்பி நம்மவர்கள் காட்டும் அலட்சியம்தான் எனக்குப் பிடிக்காதது. இரவில் நாலு முறை எழுந்து போக ஆரம்பித்த பிறகும் ‘வயசாச்சு’ என்று ஆறு மாதம் ஓட்டுவார்கள்.

ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய இரண்டு நாள் உடலுறவு வேண்டாம், நீண்ட சைக்கிள் ஓட்டமும் வேண்டாம். சிறுநீர்த் தொற்று இருந்தால் அது ஆறிச் சில வாரம் போகட்டும். இவை எல்லாமே பி.எஸ்.ஏ.-வைப் பொய்யாக ஏற்றும்.

அந்த விரல் பரிசோதனை வேண்டாம். ரத்தம் போதாதா?

பி.எஸ்.ஏ. சரியாக இருந்தும் புற்று இருப்பது நடக்கும். பருமனானவர்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் பி.எஸ்.ஏ. சராசரியாகக் கொஞ்சம் தாழ்வாகவே வரும்; நம் வீடுகளில் இந்த இரண்டும்தானே அதிகம். ஒரு நிமிடத்துக்குள் முடியும் வேலை. பெண் டாக்டர் என்று கூச்சமாக இருந்தால் ஆண் டாக்டரைக் கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்று இருந்தது. நான் டெஸ்டோஸ்டிரோன் எடுக்கவே கூடாதா?

‘கூடவே கூடாது’ என்று விதி இல்லை. ஆனால் அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இருந்திருந்தால் உங்கள் ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. டெஸ்டோஸ்டிரோன் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அது இருக்கும். அதனால் உங்களுக்கு பி.எஸ்.ஏ. கோடு 3-இல், கண்காணிப்பு இன்னும் இறுக்கமாக.

பலர் சொல்ல மறக்கும் ஒன்று: அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ இளம் வயதில் மார்பகப் புற்று, சினைப்பைப் புற்று வந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பி.ஆர்.சி.ஏ. 2 என்ற மரபணுக் கோளாறு ஆண்கள் பக்கம் வரும்போது தீவிரமான புராஸ்டேட் புற்றாக வரக்கூடும். ‘அது பெண்கள் விஷயம்’ என்று வாயை மூடிக்கொள்ளும் வழக்கம் இதில் ஆளையே கொல்லும்.

ஊசி ஆரம்பித்து நாலு மாதத்தில் பி.எஸ்.ஏ. 1.1-லிருந்து 1.5 ஆகிவிட்டது. நிறுத்தலாமா?

பதறாதீர்கள். சராசரியாக 0.3 முதல் 0.5 வரை ஏறுவது எதிர்பார்த்ததுதான். முதல் வருடத்துக்குள் 1.4-க்கு மேல் ஏறினால், அல்லது எப்போதாவது 4-ஐத் தாண்டி மறுபரிசோதனையிலும் அப்படியே இருந்தால், சிறுநீரியல் மருத்துவரிடம் போக வேண்டும் என்பது எண்டோகிரைன் சங்கத்தின் 2018 வழிகாட்டுதல். போனால் உடனே கத்தி என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் முதலில் எம்.ஆர்.ஐ., அதில் சந்தேகம் இருந்தால் பயாப்ஸி, அதாவது ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பது.

ஒரு விதத்தில் டெஸ்டோஸ்டிரோன், மறைந்திருக்கும் புற்றை வெளியே காட்டிக்கொடுக்கவும் செய்கிறது. முதல் வருடம் பி.எஸ்.ஏ. பார்க்காமல் ஊசி மட்டும் வாங்கிப் போகிறவர்களைத்தான் எனக்குப் பிடிக்காது. மருந்துச் சீட்டோடு ரிப்போர்ட்டையும் காட்டுங்கள் என்று கேட்டால் சிலர் வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள்.

முடி கொட்டாமல் இருக்க ஃபினாஸ்டிரைடு எடுக்கிறேன். அதைச் சொல்ல வேண்டுமா?

கட்டாயம். ஃபினாஸ்டிரைடும் டூட்டாஸ்டிரைடும் ஆறு மாதம், ஒரு வருடத்தில் பி.எஸ்.ஏ.-வைப் பாதியாகக் குறைத்துவிடும். ரிப்போர்ட்டில் 2.5 என்றிருந்தால் அதை 5 என்று படிக்க வேண்டும். டாக்டருக்குத் தெரியாவிட்டால் 2.5 என்றே படிப்பார்.

புராஸ்டேட் வீக்கம் இருக்கிறது, புற்று இல்லை. எடுக்கலாமா?

லேசான, மிதமான தொந்தரவு என்றால் பெரும்பாலும் எடுக்கலாம். சிறுநீர் அடைப்பு வரும் அளவுக்குக் கடுமை என்றால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

புற்றுக்கு ஆபரேஷன் முடிந்து நாலு வருடம் ஆகிறது. பி.எஸ்.ஏ. பூஜ்யம். ஆனால் உடம்பில் சக்தியே இல்லை.

இங்கேதான் டாக்டர்களுக்குள் கருத்து வேறுபாடு. எண்டோகிரைன் சங்கம் இன்னும் ‘வேண்டாம்’ என்ற பக்கம் சாய்கிறது. ஐரோப்பியச் சிறுநீரியல் சங்கம், ஆபத்து குறைந்த வகைப் புற்றுக்கு ஆபரேஷன் செய்து, குறைந்தது ஒரு வருடம் நோய் திரும்பிய அடையாளம் எதுவும் இல்லாமல் இருந்தால், கவனமாக யோசிக்கலாம் என்கிறது. இப்படிக் கொடுக்கப்பட்ட சிறிய கூட்டங்களில் நோய் அதிகமாகத் திரும்பியதாகத் தெரியவில்லை. ஆனால் அவை சிறிய கூட்டங்கள், தேர்ந்தெடுத்த நோயாளிகள்.

என் கருத்தைக் கேட்டால்: இது குடும்ப டாக்டர் தனியாக எடுக்கும் முடிவில்லை. உங்களுக்கு ஆபரேஷன் செய்தவரிடம் போய், பயாப்ஸி ரிப்போர்ட்டை மேஜைமேல் வைத்து, அவர் ஒத்துக்கொண்டால் மட்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ. பார்த்துக்கொண்டு. கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கும், சிகிச்சை இல்லாமல் கண்காணிப்பில் மட்டும் இருப்பவர்களுக்கும் ஆதாரம் இன்னும் மெலிது.

என் வீட்டுக்காரருக்குப் புற்று எலும்புக்குப் பரவி ஹார்மோன் ஊசி போடுகிறார்கள். ஆள் சோர்ந்து, வியர்த்துக் கொட்டி, எரிந்து விழுகிறார். கொஞ்சம் டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் என்ன?

கொடுக்கவே கூடாது, அம்மா. அந்த ஊசியின் வேலையே டெஸ்டோஸ்டிரோனை அடியோடு நிறுத்துவது. மேலே சொன்ன காலி டாக்ஸி இவருடையதுதான். 1981-இல் வெளியான ஒரு பழைய ஆய்வில், புற்று பரவிய 52 பேருக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது பெரும்பாலோருக்கு நோய் மோசமானது. அவர்களில் அநேகர் ஏற்கெனவே ஹார்மோன் நிறுத்தப்பட்டவர்கள்.

கோசெரலின், லூப்ரோலைடு போன்ற ஊசிகள் முதல் ஒன்றிரண்டு வாரம் டெஸ்டோஸ்டிரோனைச் சற்றே ஏற்றிவிட்டுத்தான் இறக்கும். அந்தச் சின்ன ஏற்றத்திலேயே எலும்பு வலி கூடும், முதுகுத்தண்டு அழுந்தும் அபாயமும் உண்டு என்பதால்தான் முதலில், டெஸ்டோஸ்டிரோன் உட்காரும் ஏற்பிகளை அடைக்கும் பைகலூட்டமைடு மாத்திரை கொடுக்கிறார்கள். அவருக்குத் திடீரென்று முதுகுவலி கடுமையாகி, கால் மரத்துப்போனாலோ சிறுநீர் நின்றாலோ, காலைவரை காத்திருக்காமல் அன்றிரவே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.

வியர்வைக்கும் எரிச்சலுக்கும் வேறு மருந்துகள் இருக்கின்றன. தினமும் நடப்பதும் லேசான எடைப் பயிற்சியும் இந்தச் சோர்வை உண்மையிலேயே குறைக்கின்றன. ‘புற்று வந்தவர்களுக்கே டெஸ்டோஸ்டிரோன் கொடுக்கிறார்களாம்’ என்று யாராவது சொல்லியிருந்தால், அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில், ஹார்மோன் தடுப்புக்கு அடங்காத புற்றுக்கு அளவை மாறிமாறி ஏற்றி இறக்கிப் பார்க்கும் ஆராய்ச்சியைக் கேட்டிருப்பார்கள். அது ஆராய்ச்சி மருத்துவமனைக்குள் நடப்பது.

புராஸ்டேட்டை விடுங்கள். வேறு ஆபத்து?

புராஸ்டேட்டைப் பற்றியே எல்லோரும் பயப்படுவதால் உண்மையில் அடிக்கடி வரும் தொந்தரவு மறைந்துபோகிறது: ரத்தம் கெட்டியாவது. ஹீமாடோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்த வேண்டும். ஊசி போடுபவர்களிடம் இது ஜெல் போடுபவர்களைவிட அதிகம். ட்ராவர்ஸ் ஆய்வில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்புத் தாறுமாறாவது, நுரையீரலில் ரத்தக்கட்டி, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை மருந்து பெற்றவர்களிடம் கொஞ்சம் அதிகம். எலும்பைப் பலப்படுத்தும் என்று நினைத்தது போய், எலும்பு முறிவும் அங்கே கூடியிருந்தது.

குழந்தை வேண்டும் என்றிருக்கும் ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுக்கக் கூடாது. விந்தணு உற்பத்தியே நின்றுபோகலாம். கல்யாணமான புதிதில் இருக்கும் பையன்கள் ஜிம்மில் வாங்கிப் போட்டுவிட்டு, இரண்டு வருடம் கழித்து மனைவியை மட்டும் டாக்டரிடம் அனுப்புகிறார்கள்.

ஜெல் போட்டால் கையைக் கழுவி, போட்ட இடத்தைச் சட்டையால் மூடுங்கள். பேரப்பிள்ளையைத் தோளில் தூக்கிவைத்தால் அது பிள்ளையின் தோலுக்குப் போகும்.

நெருஞ்சில், அமுக்கிரா சாப்பிட்டால் போதாதா? அது இயற்கைதானே.

நெருஞ்சில் மனிதர்களிடம் டெஸ்டோஸ்டிரோனை ஏற்றுவதாக நல்ல ஆய்வுகள் காட்டவில்லை. அமுக்கிராவுக்குச் சிறிய ஆய்வுகளில் சற்று ஏற்றம் தெரிந்திருக்கிறது. என் கவலை செடியைப் பற்றியதில்லை, டப்பாவைப் பற்றியது. ‘ஆண்மைக்கு’ என்று விற்கப்படும் சில மூலிகைத் தயாரிப்புகளில் வயாகராவில் இருக்கும் சில்டெனாஃபில் மருந்து கலந்திருப்பதைப் பல நாட்டு அதிகாரிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் மாத்திரை வைப்பவருக்கு அது உயிருக்கே ஆபத்து. மூலிகை எடுத்தாலும் பி.எஸ்.ஏ. பார்ப்பதை விட வேண்டாம்.

காவடிக்கு விரதம் இருக்கிறேன். ஊசியில் மிருகப் பொருள் ஏதாவது?

தைப்பூசம் நெருங்கினால் வரும் கேள்வி, நியாயமான கேள்வி. மருந்துக்கான டெஸ்டோஸ்டிரோன் பொதுவாகத் தாவரப் பொருள்களிலிருந்து ஆய்வகத்தில் செய்யப்படுகிறது. நெபிடோ ஊசி ஆமணக்கெண்ணெயில், சஸ்டனான் நிலக்கடலை எண்ணெயில் கரைத்தது. கடலை ஒவ்வாமை இருப்பவர் சஸ்டனான் போடக் கூடாது. விரதத்தைவிட அது முக்கியம். விழுங்கும் சில காப்ஸ்யூல்களின் ஓடு ஜெலட்டின். அது மிருகத்திலிருந்து வருவது. ஜெல்லில் சாராயம் இருக்கிறது, ஆனால் தோலில் போட்டதும் ஆவியாகிவிடும். அது விரதத்துக்கு ஆகுமா என்று கோயில் ஐயரைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

நெபிடோவை 10 முதல் 14 வாரத்துக்கு ஒருமுறை போடுவதால் விரதத்துக்கு முன்போ பின்போ தள்ளிக்கொள்ளலாம். டாக்டரிடம் முன்கூட்டியே தேதி கேளுங்கள்.

செலவு யார் கொடுப்பார்கள்?

புராஸ்டேட் புற்று, குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்தால், மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்) கட்டாயம் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சப் பலன்களுக்குள் வருகிறது. டெஸ்டோஸ்டிரோன் நாள்பட்ட நோய்களின் பொதுப் பட்டியலில் இல்லை. உங்கள் திட்டம் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுக்குமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். மெடிக்கல் எய்ட் இல்லாதவர்கள் கிளினிக்கிலிருந்து தொடங்க வேண்டும். அங்கிருந்து ஆர்.கே. கான் மாதிரி மருத்துவமனை, தேவையானால் அதற்கு மேல் இங்கோசி ஆல்பர்ட் லுத்துலி. வரிசை நீளம்தான். பழைய பி.எஸ்.ஏ. ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள்; ஒரே எண்ணைவிட, வருடாவருடம் அது எப்படி ஏறியது என்பதுதான் அங்கே டாக்டர் முதலில் தேடுவது.

பிடிக்கவில்லை என்றால் பாதியில் நிறுத்தலாமா?

நிறுத்தலாம், டாக்டர் சொன்ன அளவில் எடுத்தால் அடிமையாக்கும் மருந்தில்லை. ஆனால் வெளியிலிருந்து வந்துகொண்டிருந்ததால் உங்கள் சொந்த உற்பத்தி தூங்கிப்போயிருக்கும். அது எழுந்துவர வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். அதுவரை முன்பைவிடச் சோர்வாக இருக்கும். ஆறு மாதம் முறையாக எடுத்தும் ஆசையிலோ உடல்நிலையிலோ ஒரு மாற்றமும் இல்லை என்றால், அளவு ரத்தத்தில் சரியாக ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, ஏறியிருந்தால் நிறுத்துவதைப் பற்றி டாக்டரோடு பேசுங்கள். தொந்தரவுக்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.